இருக்கைக்கு அடியில் கிடைத்ததாக எழுதப்பட்ட ரிவால்வர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, இதைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாராயினும், முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டுகிறேன். என் மருமகனின் காரில் தற்காப்புக்காக வைப்பதற்கு ஒரு ரிவால்வரை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அது இன்றுவரை ஒருவரையும் சுடவில்லை. ஆயினும் அதன் பொருட்டு அவருடைய ஓட்டுநரின் இடது கை கெட்டது. காவல் நிலையத்துக் காகிதத்தில் இந்தச் செய்தி ஒருவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. நான் எழுதுவது வேறுவிதம்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் சென்றவன் அல்லன். புனேயில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திரத்திலிருந்து இறங்கும் உதிரிபாகங்களை அளவுக்கருவியில் நுழைத்துப் பார்ப்பது என் பணி. சரியாக நுழைந்தால் என் முத்திரை. நுழையாவிட்டால் சிவப்பு வர்ணம். பாகம் மட்டுமே என் மேசைக்கு வரும். அதைச் செய்தவன் கம்பிவலைக்கு அப்பால் நிற்பான். அவன் முகத்தைப் பார்ப்பது எங்கள் பிரிவில் வழக்கமில்லை. சிவப்பு வர்ணத்தைக் கண்டு வலைக்கு அப்பால் அழுதவர்களும் உண்டு. நான் அடுத்ததை எடுப்பேன். அத்தனை ஆண்டுகள் துப்பாக்கிகளை அளந்தவன் ஒருமுறையேனும் சுட்டதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மருமகன் கோயம்புத்தூர்க்காரர். தளேகாவில் இயந்திரப் பட்டறை நடத்துகிறார். மனைவி இறந்த பின் கோந்த்வாவில் உள்ள அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் பட்டறையில் ஒரு பிரிவை மூடி, அதிலிருந்தவர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினார். அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் அவருடைய காரின் முன்கண்ணாடியில் கல் விழுந்தது. அவர் துப்பாக்கி உரிமத்துக்கு மனுச் செய்தார். நெடுநாள் அலைந்தபின் உரிமம் கிடைத்தது.

“மாமா, உங்களுக்கு வேலை வந்திருச்சுங்க. நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க” என்றார்.

ஓய்வு பெற்ற பின் என்னிடம் ஒருவர் ஆலோசனை கேட்டது அதுவே முதன்முறை. புனேயின் கேம்ப் பகுதியில் உள்ள துப்பாக்கிக் கடைக்கு நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பையில் என் பழைய இடைவெளி அளவுத் தகடுகளையும் வைத்துக்கொண்டு சென்றேன்.

கடைக்காரர் என்னைவிட மூத்தவர். முதலில் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து வைத்தார். காருக்குள் அதைத் திருப்புவதற்குள் வருகிறவன் கதவைத் திறந்துவிடுவான் என்று நான் அதைத் தள்ளினேன். அடுத்து ஒரு பிஸ்டல். அதன் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட இரண்டு கைகள் வேண்டும். பதற்றத்தில் பாதி இழுபட்டால் தோட்டா சிக்கும். அதையும் தள்ளினேன். மூன்றாவதாக வந்தது குட்டையான குழல் கொண்ட ரிவால்வர். எங்களுடையதைப் போன்ற ஓர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையே என் தகட்டை நுழைத்து, ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார்த்தேன். கடைக்காரர் எழுந்து நின்று, “நீங்கள் ஃபேக்டரி ஆள்” என்று இந்தியில் சொல்லி எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

மருமகன் அதை உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தார். “ஏனுங் மாமா, பொம்பளைங்க ஹேண்ட்பேக்குல வெக்கிறதாட்ட இருக்குதுங்களே?”

“மாப்பிள்ளை, கார்ல வெக்கிறதுக்கு இதுதான். இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். எடுத்தோம், அழுத்தினோம்.”

“நீங்க முப்பது வருசமும் நட்டு போல்ட்ட அளந்தவரு. சுட்டுப் பாத்த மாதிரியே சொல்றீங்க போங்க” என்று சிரித்தார். ஆனாலும் அதையே வாங்கினார்.

எங்களோடு கடைக்குள் வந்திருந்த ஓட்டுநரைப் பற்றி இங்கே கூற வேண்டும். அவர் நாற்பதைக் கடந்தவர். தகப்பனார் எங்கள் தொழிற்சாலையில் கூலியாக இருந்தவர். தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பேசுவார்; வண்டியைக் காடி என்பார், பொறுப்பை ஜபாப்தாரி என்பார். கேட்காமலே அவர் வாய் திறந்தார்.

“சார், ஒரு விசயம். கன்னு காடில வேணாம் சார். நீங்க பட்டறைக்குள்ள போனா அஞ்சாறு மணி நேரம் காடியில நான்தான உக்காந்திருக்கேன். அது காணாமப் போச்சுன்னா ஜபாப்தாரி யாரு? போலீஸ் என்னைத்தான தூக்குவான்? இடுப்புல வெச்சிக்கோங்க, இல்ல வீட்டுல பூட்டுங்க.”

மருமகன் என்னைப் பார்த்து, “மாமா, உங்களை விட டிரைவருக்கு வெவரம் இருக்குதுங்களே!” என்றார். கடைக்காரரும் சிரித்தார்.

“உன்னை யாரு கேட்டா? வெளியே போய் வண்டியப் பாரு” என்றேன்.

அவர் சொன்னது முற்றிலும் சரி என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. ஆகவேதான் அவர்மீது எனக்குக் கோபம் உண்டாயிற்று. அந்தக் கோபம் ஆறவில்லை. வண்டியைத் துடைத்தது போதாது என்றும், வாடை வருகிறது என்றும் அதன்பின் நான் சொன்னவை எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ரிவால்வர் காரின் முன்னிருக்கைகளுக்கு நடுவே இருந்த பெட்டியில் வைக்கப்பட்டது. வாரங்கள் சென்றன. கல் எறிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் போலும், யாரும் வரவில்லை. வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் மருமகன், “எங்க மாமா செலக்ஷன்” என்று சொல்வார். ஏளனமாகத்தான் சொன்னார். இருந்தும் நான் அதைக் கேட்பதற்காகவே கூடத்தில் வந்து உட்காருவேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் எங்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அளவுக்கருவிகள், சுத்தியல்கள், அரங்கள் யாவற்றையும் கழுவிச் சந்தனமிட்டுச் சிவப்புத் துணியால் மூடிவிடுவோம். மறுநாள் காலை மறுபூஜை செய்து துணியை எடுக்கும் வரையில் ஒருவரும் தொடக்கூடாது. தொட்டவன் கையை மேஸ்திரி தட்டிவிடுவார். அதே வழக்கத்தை நான் மகள் வீட்டிலும் வைத்திருந்தேன். அவளுடைய மடிக்கணினி, பட்டறையின் சாவிக்கொத்து, என் அளவுத் தகடுகள் யாவும் பூஜை அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கும்.

முந்தின நாளே மருமகனிடம், ரிவால்வரையும் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

“லட்சுமி படத்துக்குப் பக்கத்துல ரிவால்வருங்களா? வேண்டாமுங் மாமா. சுண்டலுக்கு நாலு குடும்பம் வரும். பாத்தாங்கன்னா நம்மளை என்னன்னு நெனைப்பாங்க?”

பூஜையன்று காலை ஓட்டுநர் வண்டியைக் கழுவி, மாலை சூட்டி, சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனரைத் துடைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். “ஐயா, இதையும் சாமிகிட்ட வெச்சிருங்க. என் ஆயுதம் இதுதான்” என்று சிரித்து, கார் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பகல் உணவுக்குப் பின் மகளும் மருமகனும் படுத்தார்கள். நான் சாவியுடன் கீழே இறங்கினேன்.

தாங்கள் ஏன் என்று கேட்கலாம். நான் தேர்ந்தெடுத்த பொருளுக்குச் சந்தனம் வைக்க விரும்பினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. தோட்டாக்களை எடுத்துத் தனியே காகிதத்தில் மடித்தேன். ரிவால்வரை வேட்டி மடிப்பில் மறைத்து மேலே கொண்டுவந்து, பொட்டு வைத்து, ஓட்டுநரின் ஸ்பேனருக்குப் பக்கத்தில் கிடத்தித் துணியால் மூடினேன். கார் சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டினேன். மாலை பூஜையின்போது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைக்கலாம் என்று எண்ணியிருந்தேன்.

நான்கு மணிக்கே மருமகன் பட்டறைப் பூஜைக்குப் புறப்பட்டுவிட்டார். நான் குளியலறையில் இருந்தேன். வெளியே வந்தபோது கீழே கூச்சல் கேட்டது. மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். மருமகன் காரின் பெட்டியைத் திறந்துபோட்டு, ஓட்டுநரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

இரண்டு மாடி இறங்குவதற்கு எனக்கு வெகுநேரம் ஆகாது. இறங்கும்போது ‘என்னிடம்தான் இருக்கிறது’ என்ற சொற்களை வாய்க்குள் தயாராகவே வைத்திருந்தேன். ஆனால் கீழே குடியிருப்பின் காவற்காரரும், அக்கம்பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். உரிமம் மருமகனின் பெயரில் இருக்க, இன்னொருவன் கையில் ஆயுதம் இருப்பது குற்றம். அதை அந்தக் கூட்டத்தில் எவரினும் நன்றாக அறிந்தவன் நான். வேண்டாம் என்று சொன்னதை மீறி எடுத்த கிழவனாக அத்தனை பேர் முன் நிற்கவேண்டும் என்பது அதைவிடக் கசந்தது.

ஓட்டுநர் என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. “தோ, ஐயா வந்துட்டாரு. ஐயா, நீங்களே சொல்லுங்க. காலைல சாவிய உங்க கையில குடுத்துட்டுத்தான போனேன்?”

“யாரைடா சொல்றே? எங்க மாமாவையா? திருட்டுத் தேவிடியாப் பயலே!” என்று மருமகன் அறைந்தார். முதல் அறை அதற்கு முன்பே விழுந்திருந்தது. இந்த அறை எனக்காக விழுந்தது.

“சொல்லுங்க ஐயா” என்றார் ஓட்டுநர் மீண்டும்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சாவி குடுத்தது நெசம்தான். அதுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் வண்டி உன்கிட்டத்தான இருந்துச்சு?”

அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. அளந்து சொன்னேன். ஓட்டுநரின் வாய் திறந்து அப்படியே நின்றது. கம்பிவலைக்கு அப்பால் நான் பாராதிருந்த முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று பார்த்தேன். பார்த்தும் வேறு ஒன்றும் செய்யவில்லை.

காவலர்கள் வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். மாலையில் விருந்தினர் வந்தார்கள். பூஜை அலமாரிக்கு முன்பு நின்று கற்பூரம் காட்டினேன். துணியை மறுபூஜைக்கு முன் எடுக்கலாகாது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காவல் நிலையத்தில் ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் வழக்கத்தைக் காப்பாற்றினேன். அன்றிரவு நான் உறங்கினேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

காலையில் நான் குளித்து வருவதற்குள், மகள் அலுவலகக் கூட்டம் ஒன்றுக்காக மடிக்கணினியை எடுக்கத் துணியை விலக்கிவிட்டாள். அவள் கத்தவில்லை. “அப்பா” என்று மட்டும் சொன்னாள். மருமகன் வந்து பார்த்தார்.

“பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க” என்றார்.

மகள், “இப்பவே ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி உண்மையைச் சொல்லுங்க” என்றாள்.

“என்னன்னு சொல்றது? லைசென்ஸ் என்னுது, மாமா எடுத்தாருன்னா? அவரையும் உள்ள வெப்பான், என் லைசென்சையும் புடுங்குவான். சீட்டுக்கடியில விழுந்து கெடந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்து, “பொட்டை அழிங்க மாமா” என்றார்.

நான் ஈரத்துணியால் அழித்தேன். உருளையின் விளிம்பில் படிந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். அந்த வேலையைச் செம்மையாகச் செய்தேன்.

மருமகன் நிலையத்துக்குப் போய் அப்படியே எழுதிக்கொடுத்தார். பிற்பகலில் ஓட்டுநரை விட்டுவிட்டார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட வலது கை வேண்டும் என்பதால், அடிப்பதற்கு இடது கையைத் தேர்ந்தெடுத்ததாகப் பின்னர் அறிந்தேன். அவரைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மருமகனிடம் கேட்டேன்.

“அடி வாங்குன ஆளை மறுபடியும் ஸ்டியரிங்குல உக்கார வெச்சா, நான் பின்னாடி உக்காந்து தூங்க முடியுமுங்களா மாமா?” என்றார். அவர் பேச்சில் அது ஒன்றுதான் நேர்மையாக இருந்தது.

இரண்டு மாதங்கள் கழித்து ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஓட்டுநரின் வீட்டைத் தேடிச் சென்றேன். தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒற்றை அறை. இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கியரைப் பிடிக்க முடியாததால் யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட வாயிலில் காவலுக்கு உட்காருகிறார். என்னை நாற்காலியில் அமர்த்தி, தாம் கட்டிலில் உட்கார்ந்தார்.

“அது எங்க கெடச்சுது ஐயா?”

“சீட்டுக்கு அடியில.”

“எந்த சீட்டு?”

“முன்சீட்டு.”

அவர் தலையசைத்தார். “அன்னிக்குக் காலைல சீட்டைப் பின்னால தள்ளி, உள்ள கைய விட்டு நான்தான் துடைச்சேன் ஐயா. வாடை வருதுன்னு நீங்க சொல்லுவீங்களேன்னு.”

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். ஓட்டுநர் அந்த இடது கையாலேயே டம்ளரை என்னிடம் நீட்டினார். விரல்கள் பிடிக்காமல் டம்ளர் சரிந்து, தேநீர் என் வேட்டியில் சிந்தியது. “எடுத்துக்கோங்க, ஐயா. இந்தக் கையப் பாத்து பாஸா ரிஜெக்டான்னு சொல்லுங்க. உங்க தொழில்தான?” என்று சிரித்தார். அவர் மனைவிக்கு எதுவும் விளங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். உண்மையை அங்கும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சொல்லாத வரையில், காகிதத்தில் ரிவால்வர் கிடப்பது இருக்கைக்கு அடியில்தான்.

ரிவால்வர் இன்றும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. புதிய ஓட்டுநர் வந்திருக்கிறார். அவர் எதையும் சொல்வதில்லை. எனக்கு எண்பது நெருங்குகிறது. நான் இருக்கும்போது இதைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் துணிவு எனக்கு வராது என்பதை அறிந்தே எழுதுகிறேன். ரிவால்வர் இருக்கைக்கு அடியில் இல்லை. பூஜை அலமாரியில், சிவப்புத் துணிக்குள், ஓட்டுநரின் ஸ்பேனருக்குப் பக்கத்தில் இருந்தது. வைத்தவன் நான். இந்தக் காகிதங்களைத் தயவுசெய்து கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.