துப்பினால் போதும் என்றேன்

வைனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தவனாக நடித்த மிதப்பில், நான்கு ஆண்டுகளாகக் குடியை விட்டிருந்த என் நண்பன் ரஞ்சனின் கையில் கிளாஸைத் திணித்தவன் நான்தான்!

அத்தோடு நிற்கவில்லை. அவன் மனைவி வாசுகியிடம் பொய்யும் சொன்னேன்...

என் ஐம்பதாவது பிறந்தநாள். லண்டன் குட்மேய்ஸிலிருந்து எட்டுப் பேர், ஒரு மினிபஸ், கென்டில் இரண்டு திராட்சைத் தோட்டங்கள், திரும்பும் வழியில் தேம்ஸுக்குத் தெற்கே ரயில் பாலத்தின் கீழ் ஒரு ஜின் வடிசாலை. ஏற்பாடு என்னுடையது. ஒரு மாதம் யூடியூப் பார்த்துத் தேறியிருந்தேன். முதல் தோட்டத்தில் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல்லின் வாசனை என்று அறிவித்தேன். அது கிளாஸ் அலம்ப ஊற்றிய தண்ணீர் என்று அங்கே நின்ற பெண் மெல்லச் சொன்னாள்.

ரஞ்சன் ஆரஞ்சு ஜூஸோடு மூலையில் நின்றான். லண்டன் பஸ் ஓட்டுவது அவன் வேலை. அவமானப்பட்ட எனக்கு அவசரமாக ஒரு சீடன் தேவைப்பட்டான்.

"மச்சான், எனக்கு வேண்டாமடா."

"குடிக்கச் சொல்லேல்லையடா. வாயில வைச்சிட்டு இந்த வாளிக்குள்ள துப்பு. விண்ணர்மார் எல்லாரும் இப்பிடித்தான்!"

"துப்புறதெண்டால் ஏன் வாயில வைப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று எங்களில் ஒருவன் கேட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான். நான் பதில் சொன்னேனா? "பிறந்தநாளண்டு என்ர முகத்தில கரி பூசாதை" என்றேன். நம்மவர் விருந்தோம்பல் இருக்கிறதே... கழுத்தைப் பிடித்துத்தான் அன்பு காட்டுவோம். மறுத்தால் அவமதிப்பு! நீங்கள் மட்டும் என்ன? "ஒண்டே ஒண்டு" என்று எத்தனை பேரின் கையில் திணித்திருப்பீர்கள்!

இரண்டு தோட்டங்களிலும் அவன் ஒழுங்காகத் துப்பினான். வடிசாலையில், செப்புக் கொதிகலனுக்கு முன்னால், சின்னக் கிளாஸில் ஜின் தந்தார்கள். வாளி அவன் காலடியில்தான் இருந்தது. அவன் குனியவில்லை. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்... நான் மட்டும்தான் பார்த்தேன்.

கிளாஸைப் பறித்தேனா? கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனேனா? "பாருங்கோடா, மாணவன் பாஸ்!" என்று கைதட்டினேன். ஒரு பகிடிக்காக... தூ!

இரண்டாவது கிளாஸை அவனே கேட்டு வாங்கினான்.

பின்னேரம் அவனை வீட்டில் விட்டபோது, வாசலிலேயே வாசுகிக்கு மணத்துவிட்டது.

"ஆரண்ணை குடுத்தது?"

"எங்களுக்குத் தெரியாமல் ஒளிச்சுக் குடிச்சிட்டான் பிள்ளை."

ரஞ்சன் என்னை நிமிர்ந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

மூன்று மாதத்தில், ஷிப்டுக்கு முன், குடித்திருக்கிறானா என்று பார்க்க ஊதச் சொன்ன ஒரு காலையில், அவன் வேலை போனது. பிறகு வீட்டை விட்டும் போனான். வாசுகி பிள்ளைகளோடு குட்மேய்ஸில். அவன் எட்மண்டனில் ஓர் அறையில் தனியே. "அவன்ர பழைய குணம் போகாது" என்று சனம் சொன்னபோதெல்லாம் நான் தலையாட்டினேன். இரண்டு வருடம்! ஐம்பது தாண்டிய தலை, புத்தகங்கள் படித்த தலை... அதை எந்தச் சுவரில் மோதலாம், சொல்லுங்கள்?

போன ஞாயிறு வாசுகியிடம் போனேன். அவள் கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேனா... ஆசைப்பட்டேன்! நான்தான் கொடுத்தேன், நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் பிள்ளையின் பள்ளிச் சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவர் அண்டைக்கே சொன்னவர் அண்ணை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."