அம்மாவும் ஸ்பெஷல் கிளாஸும்

எங்கள் அம்மாவுக்கு அடுத்தவர் பாக்கெட்டில் கை விடுவதுதான் வேலை. இப்படிச் சொல்லாதே, போலீஸ் வந்துவிடும் என்பாள். ஆனால் உண்மை அதுதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு டாக்டர்களும் நர்சுகளும் கழற்றிப் போட்ட கோட்டுகள் மூட்டை மூட்டையாக வரும். மெஷினுக்குள் போகும் முன் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்க்க வேண்டும். ஒரு பேனா தப்பினால் மெஷினில் இருக்கிற துணி முழுக்க நீலம். ஊசி தப்பினால் அதைவிட மோசம். வருஷக்கணக்காக இதையே செய்ததில், எந்தப் பைக்குள்ளும் ஏதோ ஒரு கேடு காத்திருக்கிறது என்று அம்மாவின் மனதில் ஊறிவிட்டது.

வீட்டிலும் அப்படித்தான். தபால்காரர் சிரித்தால் பயம், சிரிக்காமல் போனால் இன்னும் பயம். ஒருமுறை என் கால்சட்டைப் பையில் ரப்பர் பல்லி ஒன்றை வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று அலறலுக்காகக் காத்திருந்தேன். அம்மா அதை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், "இது சாயம் விடும்" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டாள். பல்லிக்கு அசராத அந்த அம்மாதான், என் தங்கை சொன்ன ஒரு வார்த்தைக்கு ஆடிப்போனாள்.

தங்கைக்கு நான் வைத்த பெயர் சுண்டெலி. மூன்றாம் வகுப்பு. வகுப்பில் பாதி நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள், கணக்கைப் பாதியில் விடுவாள், மார்க்கும் பாதிதான். அன்று சாயங்காலம் பையைக் கழற்றாமலேயே சொன்னாள்.

"அம்மா, உன்னை டீச்சர் வரச் சொன்னாங்க. என்னை ஸ்பெஷல் கிளாஸ்ல போடப் போறாங்களாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில் என்னையும் ஸ்பெஷல் கிளாஸில் போட்டார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு ஒரே பெருமை. ஸ்பெஷல் என்றால் பின்னே என்ன? சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பேனா தப்பிய கோபத்தில் இருந்த சூப்பர்வைசரிடம்கூடச் சொன்னாள். படிப்பு ஏறாத பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் இடம் அது என்று பிறகு யாரோ சிரித்துக்கொண்டே அவளுக்கு விளக்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஓர் அறை, ஜன்னல் கிடையாது. எங்களுக்கு மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லிவிட்டு டீச்சர் வேறு வகுப்புக்குப் போய்விடுவார். மற்ற பையன்கள் எங்களை 'ஏய் ஸ்பெஷல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது, படிப்புதான் ஒட்டவில்லை. இப்போது பஞ்சர் கடையில் இருக்கிறேன். என் தலையில் படிப்பு ஏறவில்லை, டயரில் காற்று ஏறுகிறது.

"உன்னை எதுக்குடி அதுல போடுறாங்க? என்ன பண்ணே?" என்றாள் அம்மா.

வகுப்புக்கு யாரோ ஓர் அக்கா வந்ததாகவும், தனியாக உட்காரவைத்துக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னதாகவும் சுண்டெலி சொன்னாள்.

"கட்டையா குடுத்தாங்க?" என்று கேட்டு அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அம்மா பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமே போகவில்லை. டீச்சர் சொல்லியனுப்பும்போதெல்லாம் டியூட்டி என்றாள், காய்ச்சல் என்றாள். பெற்றவள் போய்ச் சம்மதிக்காமல் பிள்ளையை எங்கேயும் தூக்கிப்போட முடியாது என்பது அவள் கணக்கு. அதற்குள் சுண்டெலியைப் படிப்பில் தேற்றிவிட வேண்டும் என்று என்னிடம் ஒப்படைத்தாள். வீட்டின் நிலைமை எவ்வளவு மோசம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பள்ளி விட்டதும் அவள் கடைக்கு வருவாள். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பேன். அவள் சொல்வது சரியா என்று எனக்கே தெரியாது, முகத்தைக் கறாராக வைத்துக்கொள்வேன். ஒருநாள் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, தெருவில் போன சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, சக்கரம் ஓடும்போது தரையில படுற இடம் மட்டும் ஓடாம நிக்குது, இல்ல?"

கடை முதலாளி உச்சுக்கொட்டினார். பாவம், அண்ணன் மாதிரியே என்றார். அதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. ஓடுகிற சக்கரம் நிற்கிறது என்று பெண் சொல்கிறாளாம் என்று கேட்டதும் அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு டயரில் சாக்பீஸால் புள்ளி வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தேன். புள்ளி மேலே இருக்கும்போது விரைந்தது. கீழே வந்து தரையைத் தொட்டபோது, சத்தியமாக, ஒரு கணம் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பெஷல் சொல்வதை யார் நம்புவார்கள்?

கடைசியில் டீச்சர், நாளைக்கு வராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லியனுப்பினார். போகட்டுமே என்றேன். அம்மாவுக்கும் அதுதான் ஆசை. ஆனாலும், வராததற்குப் பிள்ளையைத் திட்டுவார்களோ என்ற புதுப் பயம் வந்து அவளைக் கிளப்பிவிட்டது. துணைக்கு நான். வழி நெடுக, முடியாது என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

டீச்சர் நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை.

"முடியாதுங்க டீச்சர். ஒரு பிள்ளையக் குடுத்தாச்சு. அது போதும்."

டீச்சருக்குப் புரியவில்லை. பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, புரிந்துகொண்டார். அவசரமாக விளக்கினார். இது வேறாம். வயதுக்கு மீறி யோசிக்கிற பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மதியம் நடத்துவதாம். மார்க்கைப் பார்த்து எடுப்பதில்லை, புதிரும் கட்டையும் கொடுத்துப் பார்ப்பார்களாம். பெயர் நீளமாக இருப்பதால் எல்லோரும் இதையும் ஸ்பெஷல் கிளாஸ் என்றே சொல்கிறார்களாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நானே முதல்ல இவளைக் குழாய்க்குப் பின்னாடி இருக்கிற ரூமுக்குத்தான் எழுதி வெச்சிருந்தேன். சும்மா எங்கேயோ பாத்துக்கிட்டிருக்காளேன்னு" என்றார்.

அம்மாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. பாக்கெட்டுக்குள் கை விட்டுத் துழாவுகிற முகம் அது.

"இவனுக்கு அந்தப் புதிரெல்லாம் வெச்சுப் பாத்தீங்களா?"

"அப்ப அது இல்லீங்க. இப்பத்தான் வந்துச்சு."

அம்மா தலையாட்டினாள். எனக்குச் செருப்பு வாரில் ஏதோ முக்கியமான வேலை வந்துவிட்டது. குனிந்துகொண்டேன்.

"இந்தக் கிளாஸ் நடக்கிற ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

மாடி அறை, ஜன்னல் இருக்கிறது என்றார் டீச்சர். பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. மாடிக்குப் போகிற வழி குழாயைத் தாண்டித்தான். பழைய அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே சில பிள்ளைகள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த அறையை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்றுவிட்டாள்.

"நீ எங்கடா உக்காருவே?"

சுவரோரக் கடைசி இடத்தைக் காட்டினேன். நிழல் நல்லா இருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மாடி அறையில் இரண்டு பக்கமும் ஜன்னல். ஒரு ஜன்னலிலிருந்து தெருவும் ஓடுகிற சைக்கிள்களும் தெரிந்தன. அம்மா ஒரு தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தாள், பெஞ்சைத் தடவினாள், கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்வார்களா என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சொன்னதை அவள் நம்பவில்லை.

"அவளுக்குப் பிடிக்கலன்னா, பழையபடி கீழ அவ கிளாஸுக்கே வந்துடலாமா? அன்னிக்கு இவனுக்காக இதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியல."

வரலாம் என்றார் டீச்சர். அம்மா சரி என்றாள். அந்தச் சரியில் பாதி பயம்தான்.

சலவைக்கூடத்தில் இந்த முறை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. முதல் வகுப்பு முடிந்து சுண்டெலி வந்ததும், எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. சீருடையின் பைக்குள் கை விட்டுத் துழாவினாள். ஒரு பாட்டில் மூடி, கொஞ்சம் நூல்.

"யாராச்சும் உன்னை ஏதாச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

"ம். சுண்டெலின்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அம்மா மூடியையும் நூலையும் அலமாரியில், பல்லிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வகுப்பு வியாழக்கிழமை. இப்போதே அதற்குக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.