தாழியில் இருந்தவர்

பழைய பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் ஓடிப்போய் வேலையை நிறுத்த வேண்டும். தொல்லியல் துறையில் அதுதான் என் உத்தியோகம். யார் கேட்கிறார்கள்? ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்றுதான் இப்போதெல்லாம் கிளம்புகிறேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் சாலையை அகலப்படுத்த வடிகால் தோண்டும்போது ஒரு முதுமக்கள் தாழி வந்தது. இடுப்பளவு உயரம். உள்ளே மண்ணும் எலும்பும்.

"ஒரு பானைக்காக வேலைய நிறுத்தச் சொல்றீங்களே மேடம், உங்களுக்கே நியாயமா இருக்கா?" என்றார் சைட் என்ஜினீயர். கரடியாகக் கத்தினேன்.

"சரி, சாயங்காலம் வரைக்குந்தான். அப்புறம் ஜேசிபிய விட்டுருவேன்."

ஆபீசில் போனை எடுப்பாரில்லை. நேரில் போய்த்தான் யாரையாவது அழைத்துவர வேண்டும். மண் அள்ளும் பெண்களில் மூத்தவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, உள்ள செத்தவங்க எலும்பு இருக்கு. பானைய யாரும் உடைச்சிராம பாத்துக்குங்க."

"நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இருக்கேன்ல" என்றார். பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன்.

ஆபீசில் ஒருவர் லீவு, ஒருவர் மீட்டிங். கெஞ்சிக் கூத்தாடி எலும்பு ஆராயத் தெரிந்த ஓர் ஆபீசரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். இன்னும் பொழுது சாயவில்லை. அப்பாடா என்றிருந்தது.

தாழிக்கு மாலை போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த குடம் மாதிரி காலி.

"எலும்ப அப்படிப் போட்டு வெக்கலாமாம்மா? யாரு பெத்த புள்ளையோ!" என்றார் அந்த அக்கா. "பால் தெளிச்சோம். எங்க வூட்டுக்காரரு வண்டியில கொண்டுபோயி வெள்ளாத்துல கரைச்சுட்டு வந்துட்டாரு. பானையில ஒரு கீறல் வுழல, பாத்துக்குங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? கோபம் வந்தது, அழுகையும் வந்தது. டீக்கு வைத்திருந்த பாலைத்தான் தெளித்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவரும் டீ குடிக்கவில்லை. இவர்களிடம் போய் என்னவென்று சண்டை போடுவது?

"அவ்வளவுதானே மேடம்?" என்று என்ஜினீயர் ஜேசிபி டிரைவருக்குக் கை காட்டினார். தாழியை மட்டும் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினோம்.

கிளம்பும்போது அக்கா ஜீப் அருகே வந்து தயங்கினார்.

"கும்புடறப்ப அய்யான்னு கூப்பிடறதா, ஆத்தான்னு கூப்பிடறதான்னு தெரியலம்மா. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு இந்த சாரக் கேட்டுச் சொல்றீங்களா?"

எலும்பு இருந்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பார். அந்த முகத்துக்கு நேராக அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவருக்கும் தெரியாதுக்கா" என்றேன்.