அங்காளம்மாளின் கழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்கேன் கருவி செய்யும் ஒரு சின்ன கம்பெனி. அங்காளம்மாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது பெருக்கித் துடைத்து டீ போடத்தான். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து பொன்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போனபிறகு இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அவள் கழுத்துக்குக் கம்பெனியில் தனி மரியாதை வந்தது பிற்பாடு.

அந்தக் கருவி கைக்கு அடக்கமானது. கழுத்தில் வைத்து மேலிருந்து கீழே ஒரே சீராக இழுத்தால் படங்கள் அடுத்தடுத்து விழும். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து மறுபடி அடுக்குவதுபோல, கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, தைராய்டை முழு உருவமாகத் திரையில் சுழற்றிக் காட்டும். நடுவில் எச்சில் முழுங்கினால் போச்சு, உருவம் கோணிக்கொள்ளும். படித்த பிள்ளைகள் எல்லாரும் படுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சும்மா இருக்க வரவில்லை. டம்ளர் எடுக்க வந்த அங்காளம்மாளை விளையாட்டாகப் படுக்க வைத்தார்கள். அசையாமல் கிடந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கருவியைச் சோதிப்பது அவள் கழுத்தில்தான். அவளுக்கும் அதில் உள்ளூரக் கர்வம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கருவியைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு, அங்காளம்மாள் அடுப்புக்கும் பூட்டு. அந்த வாரம் பார்த்துத் திரையில், தைராய்டின் ஒரு பக்கம், கருப்பாக ஓர் உருண்டை தெரிந்தது.

"அக்கா, முழுங்கினீங்களா?" என்று கேட்டான் கருவியை இழுத்த முரளி.

"இல்ல சார். இன்னொரு வாட்டி இழு."

யானைக்கும் அடி சறுக்கும், தெரியாமல் முழுங்கியிருப்போமோ என்று அவளுக்குள் ஒரே உதைப்பு. மறுபடி மறுபடி படுத்தாள். மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தாள். உருண்டை போகவில்லை. முரளி கழுத்தில் தடவும் ஜெல்லைக் குறை சொன்னான், வயரைக் குறை சொன்னான். மென்பொருள் எழுதும் நந்தினி, "அடுக்குறதுலதான் தப்பு" என்று உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் ஒரு திருத்தம் போட்டு உருண்டையைத் திரையிலிருந்து அழித்தே விட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அங்காளம்மாள் தன் காசில் பஜ்ஜி வாங்கி வந்து கொடுத்தாள். தன்னால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, பாவம்!

மறுநாள், வருகிறவர்களுக்குக் காட்ட இன்னொரு கழுத்தும் இருக்கட்டும் என்று நந்தினியே படுத்தாள். திருத்தத்தைப் போட மறந்து படம் எடுத்துவிட்டான் முரளி. உருண்டை இல்லை. அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. இருவரும் அங்காளம்மாளின் பழைய படங்களைத் திறந்தார்கள். முந்தைய மாதத்துப் படத்தில் அதே இடத்தில் மிளகளவுக்கு அது இருந்தது. அதற்கு முந்தையதில் கடுகளவு.

தினம் தவறாமல் பார்த்த கழுத்து. படம் கோணியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று கருவியைப் பார்த்தார்களே ஒழிய, கழுத்துக்கு உடையவளை யார் பார்த்தார்கள்? இவ்வளவு படிப்பும் படித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

டீயோடு வந்த அங்காளம்மாள் இருவர் முகத்தையும் பார்த்துப் பயந்துபோனாள்.

"இன்னா சார், மறுபடியும் கோளாறா?"

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா," என்றான் முரளி. அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பாடா! வயித்துல பால வார்த்த சார். ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரா இருந்துச்சு. எங்க, என்னாலதான் மெஷினு கெட்டுப்பூடுச்சோன்னு நெனச்சுக்கினு படுத்திருந்தேன்." அவள் மட்டும் சிரித்தாள்.

நந்தினி எழுந்து வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். "அக்கா, நாளைக்கு நானே உங்கள டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறேன். பயப்படாதீங்க. நெறைய பேருக்கு இது ஒண்ணுமில்லாமக்கூட போயிடும்."

அங்காளம்மாளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. திரையைப் பார்த்தாள். நந்தினியைப் பார்த்தாள்.

"அப்ப, நேத்து அழிச்சியே, அது என்னுதாம்மா?"