ஊர் பேசாத வாரத்தில் படித்த மூன்று புத்தகங்கள்

புத்தகங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் பழையது. ஐந்தாம் வகுப்பில், ஊர் எங்களோடு பேசாமல் இருந்த ஒரு வாரத்தில் தொடங்கியது. இன்றைக்கும் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை தேடி ஏதாவது ஊருக்கு ரயிலில் போகும்போது புத்தகம் கிடைத்தால் படிக்கிறேன். படித்து முடித்துவிட்டுத் திட்டுகிறேன்.

பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தையொட்டி இறால் வரும் இடங்களுக்கு ஊர் சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு நாள் ஒதுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாத வீட்டுக்காரன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். அந்த வருஷம் எங்கள் பாடு நாளுக்கு முந்தின நாள் நான் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறிவிட்டது. கால் வீங்கிப் பாயில் கிடந்தார். சித்தப்பா ஒருவரால் கழி நட்டு வலை கட்ட முடியாது. கூப்பிட்ட ஆள் வரவில்லை. அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள்.

பெண் ஏறினால் ஏரி வறண்டுபோகும் என்பார்கள். அன்றைக்கு இறால் நன்றாகவே விழுந்தது. அதுதான் ஊருக்கு இன்னும் எரிந்தது. கோயில் முன்னால் கூடினார்கள். ஒரு வாரம் யாரும் எங்களோடு பேசக் கூடாது, எங்கள் மீனை வாங்கக் கூடாது. எங்கள் பாடு இருக்குமா போகுமா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பொன்னேரியிலிருந்து வரும் டீச்சர் பிள்ளைகளை அதட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக அலமாரியைத் திறந்து மூன்று புத்தகங்களை என் மடியில் வைத்தார். அழுகிற குழந்தைக்குப் பிஸ்கட் கொடுப்பது போல.

முதல் புத்தகத்தில் ஒரு சிறுமி காட்டில் வழி தவறிவிடுகிறாள். அணில் அவளிடம் பேசுகிறது, ஆந்தை பேசுகிறது, ஓடைகூடப் பேசுகிறது. எங்கள் வீட்டை ஒட்டிக் குடியிருந்த பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிறுமியைக் கிள்ளலாம் போல இருந்தது.

இரண்டாவது, மீனவனைப் பற்றியது. எழுதியவர் கணுக்கால் அளவு தண்ணீரில்கூட நின்றிருக்க மாட்டார். மீன்கள் தாமாகவே துள்ளிப் படகில் விழுந்தன. அவன் பெண்டாட்டி கதை முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். அவளுக்கு வேறு வேலையே இல்லை.

மூன்றாவது ஒரு பெரிய மனிதரின் கதை. ஊர் அவரைத் தள்ளி வைத்தது. அவர் தலை குனியவில்லை. கடைசிப் பக்கத்தில் அதே ஊர் மாலையோடு வந்தது. இதை மட்டும் நான் நம்பினேன்.

எங்களிடம் பேசக் கூடாது என்றுதானே கட்டுப்பாடு? குழாயடியில் பையன்கள் நாயைப் பார்த்துப் பேசினார்கள்: "டேய் மணி, பொம்பள புட்ச்ச இறாலு துன்னியா? மீச மொளைக்காதுடா உனுக்கு." நாய் வாலாட்டியது. சனிக்கிழமை பெரியம்மாவும் தன் ஆட்டை எங்கள் வாசலுக்கு எதிரே கட்டிவிட்டு அதனிடம் சண்டைக்கு நின்றாள்.

"இன்னாடி மொறைக்கிற? நாளைக்குக் கோயிலாண்ட வந்து வுயுந்து எயுந்தா பாடு நெலைக்கும்னு பெரியவங்க பேசிக்கிறாங்க. வீம்பு புட்ச்சா பூடும். காதுல வுயுதா?"

ஆட்டோடு பேசுகிறாள், என்னோடு பேசமாட்டாளாம். அந்த ஆட்டின் மேல் கல் எறிந்தேன். உள்ளே அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா கோயில் முன் மணலில், அத்தனை ஆண்கள் பார்க்க, குப்புற விழுந்தாள். தப்புதான், ஊர் மன்னிக்க வேண்டும் என்றாள். பாடு நிலைத்தது. மாலை எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். புத்தகத்தில் இருக்கிறவர் விழவே இல்லை, நீ மட்டும் ஏன் விழுந்தாய் என்று கேட்டேன். அம்மா தலைமுடியிலிருந்து மணலை உதறினாள்.

"மண்ணு தட்டுனா பூடும். பாடு பூட்டா யாரு குடுப்பா? புத்தகம் எயுதுனவன் குடுப்பானா?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "நான் பெரியவளானா நம்ம பாடு நாள்ல நானே வலை கட்டுவேன். எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்" என்றேன்.

நைனா பாயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் அம்மா சீப்பை எடுத்தாள். என்னைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தித் தலை வாரிவிட்டாள். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை, அதுவும் பெண். பாடு அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும், நைனாவோடு அது எங்கள் வீட்டை விட்டுப் போய்விடும் என்பது என்னைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.