சுத்தக் காற்றுப் பகுதியில் ஒரு கற்பூரம்

அந்தப் புகை என்னுடையது. ஏழுமலையுடையது அல்ல.

நடந்தவை:

1. அண்டார்டிகாவில், கார்த்திகை தீபத்தன்று, எவரும் நெருப்பு மூட்டக் கூடாத இடத்தில் நான் கற்பூரம் ஏற்றினேன்.

2. அதன் புகை, காற்றை அளக்கும் எங்கள் கருவிக்குள் போயிற்று.

3. எங்கள் குழுவின் மெக்கானிக் ஏழுமலை மேல் சந்தேகம் விழுந்தது.

4. குழுத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன்.

5. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கவேண்டிய ஏழுமலை, கோடை முடிந்ததும் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார். பனிக்கரையில் நின்று கையசைத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஐந்தே வரி! எதையும் வரிசைப்படுத்திவிட்டால் அது என் கைக்குள் வந்துவிடும். அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் வேலை செய்கிறேன். இந்த வரிசை மட்டும் எத்தனை முறை எழுதினாலும் நான்காவது வரியில் வந்து நின்றுவிடுகிறது...

அங்கே உனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மேகங்களுக்கு எது விதையாகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு மேகத்துளி உருவாக, நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு நுண்துகள் வேண்டும். கடல் உப்போ தூசியோ புகையோ, ஏதோ ஒன்று. நம் ஊர்க் காற்றில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. துருவக் காற்றிலோ அவை மிகக் குறைவு. அந்தக் குறைவில் சிறிது கூடினாலும் மேகத்தின் குணம் மாறும். எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பும், எப்போது பனியாகக் கொட்டும், எல்லாமே மாறும். பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடுபவர்கள் இன்னமும் தடுமாறும் இடம் இது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதை நான் நன்றாகவே செய்கிறேன்.

நிலையத்திலிருந்து விலகி எங்கள் ஆய்வுக் குடில் நிற்கும். கூரையில் ஒரு குழாய், ஓயாமல் காற்றை உறிஞ்சும். உள்ளே அந்தக் காற்று ஒரு வெள்ளை வடிதாள் வழியாகப் போகும். கரி இருந்தால் தாள் கறுக்கும். எவ்வளவு கறுத்தது என்று கருவி சொல்லும். ஆகவே குடிலைச் சுற்றி வண்டி கூடாது, சிகரெட் கூடாது, தீக்குச்சி கூடாது. சுத்தக் காற்றுப் பகுதி!

அந்த விதிகளை எல்லோருக்கும் வகுப்பெடுத்தவள் நான். என்னைவிட மூத்த விஞ்ஞானி ஒருவர் சிகரெட்டோடு அந்தப் பக்கம் வந்தபோது, அணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ஏழுமலை எனக்கு ஒரு பெயர் வைத்தார். "ஃபயர் சர்வீஸ் மேடம்."

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். உலகத்தின் அந்தக் கோடியில், ஒரே அண்ணாமலையைப் பார்த்து வளர்ந்த இரண்டு பேர். பனி வண்டிகளும் ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு. முதல் முறை வந்திருந்தார். குளிர்காலக் குழுவிலும் தேர்வாகியிருந்தார். மாதக்கணக்கில் விடியாத வானத்தைப் பார்க்கவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். "எங்க ஊர்ல எவனும் பாக்காதத நான் பாத்துட்டுப் போறேன் மேடம்" என்பார்.

தீபத்தன்று காலை உணவுக்கூடத்தில் என்னிடம் வந்தார்.

"மேடம், இன்னிக்கி தீபம். சமையக்கட்டாண்ட ஒரே ஒரு அகல் வெச்சிக்கட்டுமா? நெய்தான். புகை கம்மி."

"ஒரு தீக்குச்சிகூட கூடாதுங்கண்ணா. உங்களுக்கு விட்டா அப்புறம் எல்லாரும் கேப்பாங்க."

"சரி வுடுங்க. அண்ணாமலையார் கோச்சிக்க மாட்டாரு. நம்ம ஜெனரேட்டர் வுடுற புகைக்கு, அதுவே பெரிய தீபக் கொப்பரைதான!"

சிரித்தபடியே போனார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று மொழி தெரியாதவர்களுக்கும் விளக்கப்பட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமையற்கட்டு ஜெனரேட்டர் பக்கம் இருந்தது. அங்கே ஓர் அகல் எரிந்திருந்தால் என் கருவிக்குத் தெரிந்தே இருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

அப்படியானால் ஏன் மறுத்தேன்? விதி என்றால் விதி... அவ்வளவுதான். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பிறகு, அதே நாள், நானே ஏன் ஏற்றினேன்?

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று யாரும் முந்திக்கொண்டு விளக்கேற்றுவதில்லை. மலை உச்சியில் ஜோதி தெரிய வேண்டும். பிறகுதான் வீடுகளில் விளக்கு. எங்கள் வீட்டில் முதல் விளக்கை ஏற்றுவது எப்போதும் நான். அந்த ஆண்டும் ஏற்றுவேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என் பையில் அவள் வைத்தனுப்பிய கற்பூரப் பொட்டலம் இருந்தது. நிலையத்தில் எங்கு போனாலும் ஆட்கள். இணையமும் எட்டி, ஆளும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். என் குடில்.

காற்று குடிலிலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அந்தப் பக்கம் போய் நின்றேன். புகை குழாயை விட்டு விலகிப் போகும். கணக்கு சரி! காற்றைப் படித்தவள் நான், தெரியாதவர்களுக்குத்தானே விதி? இப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

எங்களுக்கு அப்போது பகல். அந்தக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ஒரு டப்பா மூடியில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, காதில் தொலைபேசியோடு காத்திருந்தேன். மொட்டை மாடியில் அம்மா.

"இன்னும் ஏத்தலடி... இரு, இரு..."

காத்திருந்தேன். காற்று தளர்ந்துகொண்டிருந்தது. மதியத்துக்குப் பிறகு காற்று தளர்ந்து திசை மாறும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

"தெரிஞ்சிடுச்சி! ஜோதி தெரிஞ்சிடுச்சிடி! ஏத்து, ஏத்து!"

அவளுக்குப் பின்னால் தெரு முழுதும் அரோகரா! அந்தச் சத்தத்தில் எவள் காற்றைப் பார்ப்பாள்? ஏற்றினேன். கண்கூசும் வெயிலில் சுடர் தெரியவே இல்லை. புகை மட்டும் கறுப்பாக எழுந்து, ஒரு கணம் தயங்கி, என்னைத் தாண்டிக் கூரைக்குப் போனது.

மூடியைப் பனியில் அமிழ்த்தினேன். உள்ளே ஓடினேன். திரையில் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்துப் பதிவை, உள்ளூர்ப் புகை என்று குறித்து ஒதுக்கினேன். ஆய்வில் அது சேரவில்லை. அறிவியலுக்கு ஒரு கீறலும் இல்லை. இதை இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் யாருடைய புகை என்று தலைவர் கேட்பார் அல்லவா? கேட்டார். அன்று இரவு உணவின்போது, எல்லோரையும் வைத்துக்கொண்டு.

எவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். காலையில் கேட்டவர் அவர்தானே!

"நான் ஏத்தல சார்" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மேடம், நீங்க சொல்லுங்க. நான் அந்தாண்ட வரவேயில்லன்னு."

தலைவரும் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்களோ...? பொய்யில்கூட நான் நேர்த்தியானவள்!

விதியை மீறிவிட்டு ஒப்புக்கொள்ளவும் மறுப்பவரை நீண்ட இருட்டில் உடன் வைத்துக்கொள்ள முடியாது என்று தலைவர் முடிவெடுத்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. குளிர்காலக் குழுவில் நானும் இருந்தேன். ஏழுமலை பார்க்க ஆசைப்பட்ட இருட்டை நான் பார்த்தேன்.

ஊர் திரும்பினேன். இங்கே வேடிக்கை ஒன்று காத்திருந்தது. அம்மாவுக்குக் கிரிவலப் பாதையில் சின்னக் கடை. மோர், தண்ணீர், சுண்டல். பௌர்ணமிக்கு நடந்து வருகிற ஒவ்வொருவரிடமும், தன் மகள் பனிக்கட்டி தேசத்தில் தீபம் ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்! நான் ஒளித்துவைத்ததை ஊரே பெருமையாக அறிந்திருந்தது. மறுபாதி மட்டும் எவருக்கும் தெரியாது.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டுக் குழுவுக்கு என்னை மீண்டும் அழைத்தார்கள். அழைப்பு வந்த வாரம் கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஏழுமலை டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அடடே, ஃபயர் சர்வீஸ் மேடம்! இன்னா இவ்ளோ தூரம்?"

நின்றபடியே சொன்னேன். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் தடுமாறவில்லை. கற்பூரம், காற்று, கோடு, என் பதில். கேட்டுக்கொண்டே ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"தெரியும் மேடம்."

"எப்படிண்ணா?"

"போன வருசம் பௌர்ணமிக்கு சுத்த வந்தேன். உங்க அம்மா கடையாண்ட மோர் குடிச்சேன். நானும் அங்க போனவன்னு சொன்னதும், இன்னும் ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்து, எல்லாம் சொன்னாங்க. ஜாஸ்தி சந்தோசமா சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"என்னைய ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

எதிர்க் கடையில் டீ சொன்னார், எனக்கு மட்டும். பிறகு டிராக்டர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"திருப்பி அனுப்பினத வுடுங்க மேடம். பொய் சொன்னீங்க, அதையும் வுடுங்க, பயம். நான் ஒரே ஒரு அகல் கேட்டேன். கூடாதுன்னீங்க... அது மட்டும்தான் எனக்கு இன்னும் ஆறல."

டீ வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. "வர்றேண்ணா" என்றேன். ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றே தலைவருக்கு எழுதினேன், ஒன்றும் விடாமல். மறுநாளே பதில் வந்தது. பதிவை அப்போதே ஒதுக்கிவிட்டதால் இது சிறிய விஷயம்தான். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏழுமலை விஷயத்தில் வருந்துகிறார். இந்த ஆண்டுக்கான மெக்கானிக்குகள் முடிவாகிவிட்டார்கள்.

சிறிய விஷயம்! ஏழுமலை செய்ததாக நினைத்தபோது அவரை அனுப்பிவிடும் அளவுக்குப் பெரியது. நான் செய்தேன் என்று தெரிந்தபோது சிறியதா?

விலகிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். யோசித்தேன். நான் விலகினால் அந்த இடத்தில் இன்னொரு விஞ்ஞானி போவார், ஏழுமலை போகமாட்டார். அல்லது, போகவேண்டும் என்ற ஆசைக்கு நான் கண்டுபிடித்த காரணம்தானா இது? அதுவும் இருக்கலாம்.

இப்போதைய நிலை இது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கடையில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். கப்பலில் போகிறவர்களில் நான் இருக்கிறேன். தீபத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம்.