மூன்று சுவர்ப் பச்சை

என் தங்கச்சியிடம் எனக்குப் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. பழைய துணியிலும் சுவர்க் காகிதத்திலும் எந்தச் செடியின் சாயம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இமைமுடி அளவு நூலை எடுத்து, சாயத்தைக் கரைத்துக் கருவிக்குள் விடுவாள். நீலச் சாயம் தரும் அவுரியா, வேறு செடியா என்று அது பிரித்துக் காட்டும். அதுவரை வாயைத் திறக்க மாட்டாள். மாப்பிள்ளை கொண்டுவந்தபோதும் "பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்; சுவரைச் சுரண்டிப் பிழைக்கிறவன். ஒரு பழைய மாளிகையில் புகை படிந்த பச்சைக் காகிதத்தை உரிக்கும் வேலை வந்தது. அந்தக் காலத்துப் பச்சை சிலதில் பாஷாணம் கலந்திருக்கும் என்று அவள்தான் என்னை நிறுத்தினாள். வீட்டுக்காரர் ஒரே ஒரு துணுக்குக்குத்தான் சம்மதித்தார். ஜன்னலுக்கடியில் கிள்ளிக்கொண்டு போனாள். மறுநாள், அதிசயமாக, நேரான பதில் வந்தது.

"செடிச் சாயம்தாண்ணே. தைரியமா உரி."

உரித்தேன். அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜன்னல் சுவரைக் கடைசிக்கு விட்டிருந்தேன். நனைத்ததும் புகைக்கறை போய், அது மட்டும் நீலமாகத் தெரிந்தது. போன் போட்டுச் சொன்னேன்.

"மத்த மூணு சுவரு?"

"பச்சைப் பசேல்னு வந்துச்சு. அந்தப் பக்கத்துச் செடிக்கு உரம் ஜாஸ்தியோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. செடிப் பச்சை என்பது அவுரி நீலமும் ஒரு செடி மஞ்சளும் கலந்தது; வெளிச்சம் பட்டு மஞ்சள் செத்துவிடும், நீலம்தான் மிஞ்சும் என்றாள். வெளிச்சம் நேராக விழும் மற்ற மூன்று சுவரும் பச்சையாகவே இருந்தால், அங்கே யாரோ பிற்காலத்தில் அதே மாதிரி வேறு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும் என்றாள். உடனே வந்து, குப்பைச் சாக்கிலிருந்து ஒரு கீற்றை எடுத்துப் போனாள்.

அன்று முதல் என் தொண்டைக் கரகரப்பைக் கேட்டு நானே பயந்தேன்.

நேற்று வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அவுரி துளிகூட இல்லண்ணே. பாஷாணம்தான். வேலைச் சட்டையை யாரு துவைச்சா?"

அடுப்படியில் என் சம்சாரம் இருமினாள். நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

தங்கச்சி பையிலிருந்து இரண்டு சீசாக்களை எடுத்து வைத்தாள். உடம்பில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பேரும் அதில் மூத்திரம் பிடித்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், டாக்டரிடம் பேசிவிட்டேன் என்றாள். பிறகு அடுப்படிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னால முடியலண்ணே. அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லு."